சொல் தேர்ந்த துறவி வீரமாமுனிவர்

ஒரு பொருளைக் குறிக்கப் பல சொற்கள் இருப்பதும், ஒரு சொல்லே பல பொருள்களைக் குறிப்பதும் தமிழின் இயல்பு. இவ்விரண்டையும் திரிசொல்லின் இரு வகைகளாகத் தொல்காப்பியர் வகுத்துக் காட்டினார். நன்னூல் அருளிய நம் பவணந்தி முனிவரும் அவ்வாறே வகுத்தார். அச்சொற்களையெல்லாம் ஓரிடத்தில் திரட்டி வைக்கும் பணியை நிகண்டுகள் செய்தன. அவற்றுள் பெரிதும் பயிலப்பட்டது மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டாகும். திண்ணைப் பள்ளிகளில் சமய வேறுபாடின்றிப் பிள்ளைகள் அதனை மனப்பாடம் செய்தனர். நம் முன்னோரின் தமிழ்த்தொண்டைப் பேசும்போது நாம் சிந்தாமணி முதலிய காப்பியங்களையே முதலில் நினைக்கிறோம். நிகண்டுகளையும் அவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணுதல் வேண்டும்.

சொற்களைத் திரட்டுவது ஒரு பணி. திரட்டியவற்றுள் இன்ன இடத்திற்கு இன்ன சொல்லே பொருந்தும் என்று தேர்ந்தெடுப்பது மற்றொரு பணி. இவ்விரண்டு பணிகளிலும் தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவரின் வரலாற்றை இங்கே சுருங்க உரைக்க விரும்புகிறேன். அவர் நம் சமயத்தைச் சேர்ந்தவர் அல்லர். நம் நாட்டில் பிறந்தவரும் அல்லர். எனினும் நிகண்டாசிரியர்கள் சேர்த்து வைத்த சொற்செல்வத்தைப் போற்றிப் பயன்படுத்தியவர்களுள் அவர் தலையாயவர். நான் வாழும் சங்கரன்கோவில் வட்டாரத்தோடும் அவர் வாழ்வுக்குத் தொடர்பு உண்டு. அவர்தாம் வீரமாமுனிவர்.

பிறப்பும் வருகையும்

இத்தாலி நாட்டில் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கான்ஸ்டன்சோ. முழுப்பெயர் கான்ஸ்டன்சோ ஜோசப் பெஸ்கி. 1698-இல் இயேசு சபையில் சேர்ந்து துறவு பூண்டார். இத்தாலியில் கல்வி கற்பித்தும் இறையியல் பயின்றும் சில ஆண்டுகள் கழித்தபின், 1710-இல் லிஸ்பன் துறைமுகத்திலிருந்து கப்பலேறிக் கோவாவை அடைந்தார். 1711-இல் தமிழகம் வந்து மதுரை மிஷன் எனப்பட்ட சமயப் பணியில் சேர்ந்தார்.

அப்போது அவருக்கு வயது முப்பது. பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர்களுக்கு ஒன்று தெரியும். இளம் பருவத்தில் காதின் வழியே எளிதாக உள்ளே செல்லும் சொற்கள், முப்பது வயதிற்குமேல் முயன்று கற்றாலன்றி மனத்தில் நில்லா. அவர் முயன்று கற்றார். பிற்காலத்தில் தமிழ்ப் புலவர்களே தங்களுள் ஒருவராக மதிக்கும் நிலையை எய்தினார்.

அவருடைய பெயர் மாற்றமே நம் பொருளுக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு. கான்ஸ்டன்சோ என்னும் பெயர் நிலைபெயராமை என்னும் பொருள் தருவது. அதனைத் தமிழில் தைரியநாதர் என்று ஆக்கினர். பின்னர் வீரமாமுனிவர் என்னும் பெயர் வழங்கி, அதுவே நிலைத்தது. உறுதி, தைரியம், வீரம் என்னும் மூன்றும் அகராதியில் அடுத்தடுத்து நிற்கத் தக்க சொற்களே. ஆனால் உறுதி என்பது இருந்த இடத்தினின்றும் அசையாமையைக் காட்டும். தைரியம் என்பது அஞ்ச வேண்டிய இடத்தில் அஞ்சாமையைக் காட்டும். வீரம் என்பது எதிர்த்து நிற்கும் ஆற்றலைக் காட்டும். ஒரே மனிதரின் பெயர் மும்முறை வடிவம் கொள்ளும்போது, அவரைப் பற்றி நம் மனத்தில் எழும் உருவமும் மும்முறை மாறுகிறது.

நம் வட்டாரத்தில்

தொடக்க ஆண்டுகளில் அவர் கோவில்பட்டிக்கு அண்மையிலுள்ள காமநாயக்கன்பட்டிப் பகுதியில் பணியாற்றினார். சங்கரன்கோவிலை அடுத்த குருக்கள்பட்டியில், 1714-15 ஆம் ஆண்டுகளையொட்டி, அவர் சிறைப்பட்டார். மரண தண்டனைக்கும் ஆளானார். பின்னர் உயிர் தப்பினார். வந்து சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குள் நேர்ந்த இடர் இது. தாயகம் திரும்ப எண்ணியிருந்தால் அதுவே தக்க காரணமாக இருந்திருக்கும். அவர் திரும்பவில்லை. அந்த இடத்தில் அவர் காட்டிய பண்புக்குத் தைரியம் என்பதைக் காட்டிலும், அவருடைய பிறப்புப் பெயர் குறித்த நிலைபெயராமை என்பதே பொருத்தமான சொல் எனத் தோன்றுகிறது.

சங்கரன்கோவிலிலிருந்து கோவில்பட்டிக்குச் செல்லும் வழியில்தான் நம் கழுகுமலை இருக்கிறது. அங்குள்ள தீர்த்தங்கரர் திருவுருவங்களையும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளையும் அறியாத சமணக் குடும்பம் தமிழ்நாட்டில் இராது. அக்கல்வெட்டுகளில் ஆசிரியர் என்று நாம் பொதுவாகச் சொல்வோரைக் குரவர் என்றும், பெண்பாலாரைக் குரத்தியர் என்றும், வணக்கத்திற்குரிய பெரியோரைப் பட்டாரர் என்றும் தனித்தனிச் சொற்களால் குறித்துள்ளனர். முனிவர் இந்த வட்டாரத்திற்கு வருவதற்கு ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் முன்னரே, ஆளுக்கும் நிலைக்கும் ஏற்பச் சொல்லைத் தேர்ந்து கல்லில் பொறித்த ஆசிரியர் மரபு இங்கே விளங்கிற்று.

கேட்போர்க்கு ஏற்ற சொல்

முனிவருக்குச் சுப்ரதீபக் கவிராயர் தமிழ் கற்பித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இலக்கணங்களையும் நிகண்டுகளையும் காப்பியங்களையும் அவர் ஆழ்ந்து கற்றார் என்பதற்கு அவர் நூல்களே சான்று. 1726-இல் முடிந்த அவருடைய தேம்பாவணி 3615 பாடல்களைக் கொண்ட பெருங்காப்பியம். அதன் நடையில் நம் திருத்தக்கதேவரின் சிந்தாமணியின் சாயலை அறிஞர்கள் கண்டு கூறியுள்ளனர். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அவர் இலத்தீனில் மொழிபெயர்த்தார்.

காவிரி நாட்டில், கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள ஏலாக்குறிச்சியில் அவர் நெடுங்காலம் தங்கியிருந்தார். அவ்வூருக்குத் திருக்காவலூர் என்னும் அழகிய பெயரையும் சூட்டினார்.

அவர் எழுதிய நூல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். ஒரே தமிழை அவர் எல்லார்க்கும் எழுதவில்லை. புலவர்க்குத் தேம்பாவணியை எழுதினார். உபதேசியார்களுக்கு வேதியர் ஒழுக்கத்தை உரைநடையில் எழுதினார். தமிழ் கற்க வரும் ஐரோப்பியருக்கு, மக்கள் பேசும் கொடுந்தமிழுக்கு ஓர் இலக்கணமும், ஏட்டில் வழங்கும் செந்தமிழுக்கு மற்றோர் இலக்கணமும் இலத்தீனில் வகுத்துத் தந்தார். தமிழர்க்கு எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்தினையும் கூறும் தொன்னூல் விளக்கத்தை 1730-இல் அளித்தார். சிரித்து மகிழ்வதற்குப் பரமார்த்த குருவின் கதையைப் பேச்சு வழக்கின் எளிமையோடு எழுதினார். அக்கதை 1822-இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் லண்டனில் அச்சேறியது.

தேம்பாவணியில் வரும் சொல்லை எடுத்துப் பரமார்த்த குருவின் சீடர் வாயில் வைத்தால் சிரிப்பு அடங்கிவிடும். அச்சீடர் பேச்சைக் காப்பியத்தில் வைத்தால் துயரமும் நகைப்பாகிவிடும். இல், மனை, அகம், வீடு என்னும் நான்கும் ஒரு பொருளையே குறிக்கும் என்று நிகண்டு கூறும். எந்த வாயிலிருந்து, எந்தச் செவிக்கு, எந்த வேளையில் என்பதை நிகண்டு கூறாது. அதனை எழுதுபவரே தேர்தல் வேண்டும்.

அயல்மொழிப் பெயர்களைத் தமிழாக்குவதிலும் அவர் இந்த நுட்பத்தைக் காட்டினார். தேம்பாவணியின் தலைவராகிய ஜோசப்புக்கு வளன் என்று பெயரிட்டார். ஜோசப் என்னும் எபிரேயப் பெயருக்குப் பெருகுதல் என்னும் பொருள் உண்டு. பெருக்கம், மிகுதி, செல்வம், ஆக்கம் எனப் பல சொற்கள் இருக்க, உயிருள்ள வளர்ச்சியைக் காட்டும் வளம் என்னும் சொல்லிலிருந்து அப்பெயரை அமைத்தார். இறைவனின் இரக்கம் என்னும் பொருளுடைய ஜானுக்குக் கருணையன் என்று பெயரிட்டார். கருணையன் தன் தாயை இழந்து புலம்பும் பகுதி பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலும் இடம்பெற்றது. ஆகவே நம் பேரப்பிள்ளைகளுள் சிலர் அதனைப் பயின்றிருக்கக் கூடும்.

எழுத்தில் அவர் செய்த திருத்தத்தையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். பழைய முறையில் குறில் எகர ஒகரங்களுக்குப் புள்ளி இடுவர். நெடிலுக்குப் புள்ளி இல்லை. ஓலையில் புள்ளி இட்டால் துளை விழும் என்று அஞ்சிப் பலரும் அதனை விட்டுவிடுவர். அதனால் எரியா ஏரியா, கொடுவா கோடுவா என்று படிப்பவர் ஊகித்தறிய வேண்டியிருந்தது. நெடிலுக்குத் தனி வடிவம் தந்து இக்குழப்பத்தை அவர் நீக்கினார். சரியான சொல்லைத் தேர்ந்தால் மட்டும் போதாது. தேர்ந்த சொல் பிழையின்றிப் படிப்பவரைச் சென்றடையவும் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

சதுரகராதி

அவருடைய நூல்களுள் நம் உள்ளத்திற்கு மிக அணுக்கமானது 1732-இல் அவர் முடித்த சதுரகராதி. பழைய நிகண்டுகளை அடிப்படையாகக் கொண்டே அதனை அவர் தொகுத்தார்.

நிகண்டுகளின் அமைப்பை நினைவுகூர்ந்தால் அவர் செய்த புதுமை விளங்கும். திவாகரத்திலும் சூடாமணியிலும் பன்னிரண்டு தொகுதிகள் உண்டு. தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம், பல்பொருள், செயற்கை வடிவம், பண்பு, செயல், ஒலி என்னும் முதற் பத்தும், ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைக் கூறுவன. பதினோராவது, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறும். பன்னிரண்டாவது, மூன்று கனிகள், ஐந்து நிலங்கள் என்றாற்போல எண்ணால் தொகுக்கப்பெற்றவற்றைக் கூறும். இவை செய்யுளாக இருந்தமையால், மனப்பாடம் செய்தவர்க்கே பயன்பட்டன. மனப்பாடம் செய்யாதவர், வேண்டிய சொல்லைத் தேடிக் கண்டெடுத்தல் அரிது.

1594-இல் சிதம்பர ரேவண சித்தர் அகராதி நிகண்டு செய்து, சொற்களை முதலெழுத்தின் வரிசையில் வைத்தார். முனிவர் அந்நெறியை மேலும் செம்மைப்படுத்தினார். செய்யுளை விடுத்து, சொற்களை அகர வரிசையில் நிரல்பட வைத்து, நூலை நான்காகப் பகுத்தார். சொல்லிலிருந்து பொருளை அறியப் பெயரகராதி. பொருளிலிருந்து அதற்குரிய பல சொற்களை அறியப் பொருளகராதி. தொகைப் பெயர்களை அறியத் தொகையகராதி. எதுகைக்கு உரிய சொற்களை அறியத் தொடையகராதி. முதல் மூன்றும் நிகண்டுகளின் பன்னிரண்டு தொகுதிகளிலிருந்து கிளைத்தவை என்பதை எளிதில் காணலாம். நூல் முழுவதும் 1824-இல் சென்னையில் அச்சாயிற்று.

ஆங்கிலத்தில் பீட்டர் மார்க் ரோஜெட் என்னும் மருத்துவர், ஒரு கருத்துக்குரிய சொற்களையெல்லாம் திரட்டிப் புகழ்பெற்ற நூலொன்றை 1852-இல் வெளியிட்டார். எழுதுவோர் பலரும் அதனை இன்றும் கையில் வைத்திருக்கின்றனர். பொருளகராதி அதற்கு 120 ஆண்டுகள் முற்பட்டது. நிகண்டுகளோ அதற்கும் பல நூற்றாண்டுகள் முற்பட்டவை. வடமொழியில் நம் ஹேமசந்திராசாரியர் 12-ஆம் நூற்றாண்டில் செய்த அபிதான சிந்தாமணியும் இவ்வகையைச் சேர்ந்ததே.

சொல்லால் வந்த பிணக்கு

சொல்லைத் தேர்வதில் வல்லவரான முனிவரும், மாற்றுக் கொள்கையினரோடு வாதிட நேர்ந்தபோது கடுஞ்சொற்களைத் தேர்ந்தார். தரங்கம்பாடியிலிருந்த லுத்தரன் சபையினரை மறுத்து வேதவிளக்கம், பேதகம் மறுத்தல் முதலிய நூல்களை எழுதினார். அவர்களுடைய தமிழ் நடையையும் இகழ்ந்தார். பாஷா சமிதியை, அஃதாவது பிறர்க்கு ஊறு நேராதவாறு பேசும் நெறியை, நோன்பாகக் கொண்ட நம்மால் இதனைப் பாராட்ட இயலாது. சொல் வளம் வேறு, சொல் அடக்கம் வேறு என்பதற்கு அவர் வாழ்வும் ஒரு சான்றாகிறது.

அந்தச் சமயத்தாரிடையே இறைவனைக் குறிக்கும் சொல்லே நெடுங்காலம் விவாதப் பொருளாயிற்று. கத்தோலிக்கர் சர்வேசுரன் என்று வழங்கினர். பிற்காலப் புரொட்டஸ்டண்டு வேத மொழிபெயர்ப்புகளில் பராபரன் என்றும், தேவன் என்றும், கடவுள் என்றும் அச்சொல் மாறி மாறி வந்தது. நான்கும் ஒரு பொருளனவே என்று வெளியிலிருந்து பார்ப்போர் கூறலாம். வழிபடுவோர் அவ்வாறு கருதவில்லை. தாம் கேட்டு வளர்ந்த சொல் மாறியபோது, வணங்கும் பொருளே மாறிவிட்டதாக அவர்கள் கலங்கினர்.

நமக்கும் இத்தகைய கலக்கம் நேர்ந்தது. 2015-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள், சல்லேகனை என்றும் சந்தாரா என்றும் நாம் போற்றும் நோன்பைத் தற்கொலைக்கு ஒப்பாகக் கொண்டு இராசஸ்தான் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அம்மாதம் 31-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. உணவைப் படிப்படியாகத் துறந்து, பகையும் பற்றும் நீங்கி, அமைதியுடன் உடலை விடுதலுக்கும், மனம் கசந்து உயிரை மாய்த்துக்கொள்ளுதலுக்கும் முடிவு ஒன்றே எனப் புறத்தார்க்குத் தோன்றுகிறது. வேறுபாடு முழுவதும் மன நிலையில் இருக்கிறது. அந்த மன நிலையை எடுத்துக் காட்ட நம்மிடம் இருக்கும் கருவி அந்தச் சொல் ஒன்றே. தமிழர்க்கு வடக்கிருத்தல் என்னும் சொல்லும் உண்டு. இச்சொற்களை நம் இளைஞர் மறந்துவிட்டால், பிறர் தரும் சொல்லையே அவர்களும் ஏற்க நேரும்.

இறுதி நாள்களும் எஞ்சிய செல்வமும்

முனிவர் தம் இறுதிக் காலத்தில் சேர நாட்டிற்குச் சென்றார். அங்கே அம்பலக்காட்டில் 1747-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் உயிர் நீத்தார். வந்த நாள் முதல் 36 ஆண்டுகள் அவர் தென்னாட்டிலேயே வாழ்ந்தார். தாயகம் திரும்பவே இல்லை. 1822-இல் முத்துசாமிப் பிள்ளை அவருடைய வரலாற்றைத் தமிழில் எழுதினார்.

அவருடைய பொருளகராதியும் நம் சூடாமணியும் இன்றைய இல்லங்களில் எதற்குப் பயன்படும் என்று சிலர் வினவலாம். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் எங்களுக்குக் கற்பித்த முறையொன்றை இங்கே கூறுகிறேன். ஒத்த பொருளுடைய சொற்களைப் பலகையில் எழுதி, ஒன்று பொருந்தும் இடத்தில் மற்றொன்றை வைத்துப் பார்க்கச் செய்வோம். பிள்ளைகள் தாமே வேறுபாட்டைக் கண்டுகொள்வர்.

துன்பத்தைக் குறிக்கும் சொற்களை எடுத்துக்கொள்வோம். வரப்போவதை நினைத்து வாடுவது கவலை. நடந்து முடிந்ததை நினைத்து நோவது வருத்தம். கிட்டாத ஒன்றை நினைந்திருப்பது ஏக்கம். இழந்தபின் எளிதில் ஆறாமல் நிற்பது துயரம். விடுதியில் தங்கிப் பயிலும் பிள்ளை, தனக்கு நேர்ந்தது கவலையா ஏக்கமா என்று சொல்லத் தெரிந்தால், தாய்க்கு அதனைத் தீர்க்கும் வழியும் தெரிந்துவிடும். எல்லாவற்றுக்கும் கஷ்டம் என்னும் ஒரே சொல்லைச் சொன்னால், தாய் எதற்கென்று ஆறுதல் கூறுவாள்?

அச்சத்திலும் இவ்வாறே பல நிலைகள் உண்டு. திடுமென நெஞ்சைப் பற்றுவது திகில். ஊரே ஒருங்கு கொள்வது பீதி. புதியவர் முன் நிற்கையில் தோன்றுவது கூச்சம். கூச்சமுடைய குழந்தையைப் பயந்தவன் என்று நாம் அழைத்துவிட்டால், நாளடைவில் அவன் அவ்வாறே ஆகிவிடுவதும் உண்டு.

அன்பு, அருள், பாசம், பற்று என்னும் நான்கும் நம் அறத்தின் உயிர்நிலையான சொற்கள். உறவினரிடத்துச் செல்வது அன்பு. எல்லா உயிர்களிடத்தும் பரவுவது அருள். பிணிப்பது பாசம். எனது என்று பிடித்துக்கொள்வது பற்று. முன்னிரண்டையும் வளர்க்கவும் பின்னிரண்டையும் குறைக்கவும் நம் ஆகமங்கள் கூறுகின்றன. இவற்றின் வேறுபாடு தெரியாத பிள்ளைக்கு நம் அறத்தைக் கற்பிப்பது எங்ஙனம்?

துக்கம் நேர்ந்த இல்லத்திற்குக் கடிதம் எழுதும்போதும் இந்த நிதானம் வேண்டும். திருமணத்திற்கு வர இயலவில்லை என்று எழுதுகையில் வருந்துகிறேன் என்கிறோம். கணவரை இழந்த அம்மையாருக்கும் அதே சொல்லை எழுதி அனுப்புகிறோம். பெறுபவர் அந்த வேற்றுமையை உணராமல் இரார். ஒரு நிமிடம் எழுதுகோலை நிறுத்தி, வேறொரு சொல்லைத் தேடினால் அந்தக் கடிதத்தை அவர் பாதுகாத்து வைப்பார்.

கடல் கடந்து வந்த ஒருவர் முப்பது வயதில் தொடங்கித் தமிழ்ச் சொற்களின் வேற்றுமைகளைத் தேடித் தேடிக் கற்றார். பிறந்த நாள் முதல் தமிழைக் கேட்டு வளரும் நம் பிள்ளைகளுக்கு அது அத்துணை அரிய செயலாக இராது. விடுமுறை நாள்களில் நாளொன்றுக்கு ஒரு சொல்லை எடுத்து, அதனையொத்த சொற்களையும் அவற்றின் வேறுபாட்டையும் வீட்டிலுள்ள பெரியோர் சொல்லிக் கொடுத்தால் போதும். மண்டலபுருடர் தொகுத்து வைத்த செல்வம் அவ்வாறு கைமாறி வருதல் நம் கடமை.